"இல்லை" என்று சொன்னதை எழுதி வையுங்கள்: நூலகத்தைக் காலத்துக்கேற்ப மாற்றுவது எப்படி

நூலகத்தை நவீனமாக்க வேண்டும் என்று பேச்சு எழுந்தாலே வாங்க வேண்டிய சாமான் பட்டியல் ஒன்று தயாராகிவிடுகிறது. கம்ப்யூட்டர் எத்தனை, எந்த மென்பொருள், டேப்லெட் வேண்டுமா, வாசலில் தொடுதிரை வைக்கலாமா. இதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

நோட்டை கவுன்டரில் வையுங்கள். வாசகர் கேட்ட ஒன்றுக்கு நீங்கள் "இல்லை", "முடியாது", "தெரியவில்லை" என்று பதில் சொன்ன ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதுங்கள். தேதி, நேரம், என்ன கேட்டார், ஏன் கொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். பெயர் வேண்டாம், உறுப்பினர் எண்ணும் வேண்டாம். குறைந்தது ஆறு வாரம் விடாமல் எழுத வேண்டும், ஏனென்றால் ஒரு வாரத்துக் கணக்கை நம்ப முடியாது. அது தேர்வு நேரமாக இருந்தால் எல்லாரும் ஒரே புத்தகத்தைத்தான் கேட்டிருப்பார்கள்.

எதற்கு இந்த வேலை என்றால், நூலகங்கள் எண்ணுவதெல்லாம் நடந்து முடிந்ததைத்தான். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை புத்தகம் இரவல் போனது, எத்தனை திரும்பி வந்தது. கேட்டுக் கிடைக்காமல் வெறுங்கையோடு போனவர் எந்தப் பதிவேட்டிலும் வருவதில்லை. வருடக் கடைசியில் அறிக்கை நன்றாகவே இருக்கும், ஆனால் அவர் அடுத்த முறை வரமாட்டார், அவர் வராததையும் யாரும் எண்ணமாட்டார்கள். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் நூலகங்களுக்காக 1931இல் எழுதிய ஐந்து விதிகளில் ஒன்று ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும் என்கிறது, இன்னொன்று வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது, கடைசி விதி நூலகத்தை வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்கிறது. நூலகங்களில் கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லாத காலத்தில் எழுதியவை அவை. இன்று யாராவது ஒரு புதுக் கருவியைக் கொண்டுவந்து காட்டினால் நான் இன்னும் அந்த விதிகளில்தான் உரசிப் பார்க்கிறேன்.

நோட்டை உட்கார்ந்து படிப்பது

ஆறு வாரம் ஆனதும் எல்லாரும் ஒன்றாக உட்காருங்கள். எல்லாரும் என்றால் புத்தகங்களைத் திரும்ப அலமாரியில் அடுக்குகிறவரையும் சேர்த்துத்தான், எது எங்கே தொலைகிறது என்று அவருக்குத் தெரிகிற அளவுக்கு நூலகருக்குத் தெரியாது. வரிகளை வகை பிரித்தால் பெரும்பாலும் இப்படி வரும்: புத்தகமே வாங்கவில்லை; பதிவில் இருக்கிறது, ஆனால் அலமாரியில் காணோம்; வேறொருவர் எடுத்துப் போயிருக்கிறார்; புத்தகம் இருக்கிறது, ஆனால் கேட்டவரால் படிக்க முடியாது; கேட்டது புத்தகமே இல்லை, ஒரு விண்ணப்பத்தை ஆன்லைனில் நிரப்ப வேண்டும் அல்லது ஒரு பக்கம் பிரின்ட் வேண்டும். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர்கள் மட்டும் இந்த நோட்டில் சிக்கமாட்டார்கள். அவர்களுக்காக வாசலுக்கு வெளியே ஒரு பெட்டி, சீட்டு, பென்சில், "எந்த நேரத்தில் வந்தீர்கள்?" என்ற ஒரே கேள்வி.

ஒவ்வொரு வகைக்கும் மருந்து வேறு. அலமாரியில் காணோம் என்பதுதான் அதிகம் என்றால் உங்களுக்கு வேண்டியது இருப்புச் சரிபார்ப்பு, அதற்கு எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை. பதிவுக்கும் அலமாரிக்கும் சம்பந்தமே இல்லாத நூலகத்தில் தானியங்கி இரவல் இயந்திரம் வாங்கி வைத்ததைப் பார்த்திருக்கிறேன். இல்லாத புத்தகத்தை அது எப்படிக் கொடுக்கும்? சரி பார்த்து முடித்த பிறகு அதே இயந்திரம் நன்றாகப் பயன்படும், வரிசைதான் முக்கியம்.

பதிவுகளைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவருவது

அதிக உழைப்பைக் கேட்பதும், சரியாகச் செய்தால் பல வருடம் பலன் தருவதும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கழிக்க வேண்டியதைக் கழியுங்கள். கழிக்கப்போகிற புத்தகத்துக்குப் பதிவு அடிப்பது வீண் வேலை. பழைய மருத்துவம், பழைய சட்டம், பழைய கணினிப் புத்தகங்கள் படிக்கிறவரைத் தவறான வழியில் கொண்டுபோகும், அவை முதலில் போகட்டும். புதிய பதிப்பு வந்துவிட்டவை, ஒட்டவே முடியாத அளவுக்குக் கிழிந்தவை, பல வருடமாக யாரும் தொடாதவை அடுத்து. ஆனால் "யாரும் தொடவில்லை" என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். வேறெங்கும் கிடைக்காத ஒரே பிரதி, சிறு அமைப்புகள் போட்ட மலர்கள், கையெழுத்துக் குறிப்புகள் உள்ள புத்தகங்கள் இவற்றையெல்லாம் தனியே எடுத்து வையுங்கள். கழித்த புத்தகத்தை மறுபடி வாங்கிவிடலாம், ஒரே பிரதியை வாங்க முடியாது.

அடுத்தது மென்பொருள். 1999இல் நியூசிலாந்தின் ஹோரோவெனுவா பகுதி நூலகத்துக்கு ஒரு சிக்கல் வந்தது. அவர்களுடைய பழைய மென்பொருளுக்கு 2000ஆம் வருடத் தேதிகள் புரியாது. புதிதாக வாங்குவதற்குப் பதில் தங்கள் தேவைக்கு ஒன்றை எழுதவைத்து, 2000 ஜனவரியில் பயன்படுத்தத் தொடங்கி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாகவும் கொடுத்துவிட்டார்கள். அதுதான் கோஹா. மாவோரி மொழியில் அந்தச் சொல்லுக்கு அன்பளிப்பு என்று பொருள். பெரிய நிறுவனம் எதுவும் தொடங்காத ஒன்று இன்று உலகம் முழுக்க நூலகங்களில் ஓடுகிறது. அதை எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் அதைத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். சர்வரைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும், அவர் இல்லையென்றால் இலவச மென்பொருளும் சுமையாகிவிடும்.

எதை எடுத்தாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: என்னுடைய பதிவுகள் எல்லாவற்றையும், எந்த நாளிலும், யாரிடமும் அனுமதி கேட்காமல் நானே வெளியே எடுக்க முடியுமா, எந்த வடிவத்தில்? பதில் மார்க் வடிவம் என்று வந்தால் நல்லது. அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் ஹென்ரியட் அவ்ராம் தலைமையில் 1960களில் உருவான பதிவு வடிவம் அது. பார்க்க அழகாக இருக்காது, பழையது, ஆனால் நூலக மென்பொருள்கள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அதைப் படிக்கத் தெரியும். நான் வேலை பார்த்த ஒரு நூலகத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. மென்பொருள் கொடுத்தவர்கள் ஒரு கட்டத்தில் தொழிலை விட்டுவிட்டார்கள், பதிவுகளை வெளியே எடுக்க வழியில்லை, திரையில் தெரிந்ததைப் பக்கம் பக்கமாகப் பிரின்ட் எடுத்துத் திரும்ப அடித்தோம். பதினோரு மாதம் ஆனது. அந்தப் பதினோரு மாதமும் புதுப் புத்தகங்கள் கட்டுப் பிரிக்காமல் மூலையில் கிடந்ததை இப்போது நினைத்தாலும் மனசு வலிக்கிறது.

எல்லாவற்றையும் நீங்களே அடிக்கவும் தேவையில்லை. புத்தகத்தின் ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாகத் தரப்படும் ஐஎஸ்பிஎன் எண்ணைக் கொடுத்தால் பெரிய நூலகங்களின் பதிவை அப்படியே இழுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது, இசட் 39.50 என்று மென்பொருளில் ஒரு பகுதி இருக்கும். 2007இலிருந்து அந்த எண் 13 இலக்கம், அதற்கு முன் 10 இலக்கம், இன்னும் பழைய புத்தகங்களில் எண்ணே இருக்காது, அவற்றைத்தான் கையால் அடிக்க வேண்டியிருக்கும். அடிக்கும்போது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடில் அடியுங்கள், பழைய எழுத்துரு முறைகளில் அடித்த தமிழ்ப் பதிவு தேடினால் கிடைக்காது. ஆசிரியர் பெயரை ஒரே மாதிரி எழுதுவதும் முக்கியம்: முதலெழுத்து முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை, புள்ளியோடு ஒருமுறை என்று போனால் ஒரே எழுத்தாளர் மூன்று ஆளாகிவிடுவார், வாசகர் ஒரு ஆளின் புத்தகங்களை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

எந்த வரிசையில் அடிப்பது என்பதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. முதல் அலமாரியிலிருந்து வரிசையாகப் போகாதீர்கள். இரவல் போய்த் திரும்பி வருகிற புத்தகம் எதுவோ அதற்குப் பதிவு போட்டு, பார்கோடு ஒட்டி, அப்புறம் அலமாரிக்கு அனுப்புங்கள். நூலகத்தை ஒரு நாள்கூட மூட வேண்டாம். ஓடுகிற புத்தகங்கள் எல்லாம் சில மாதத்தில் உள்ளே வந்துவிடும், ஓடாதவை கடைசியில் அலமாரியில் மிஞ்சி நிற்கும், அவற்றை வைத்துக்கொள்வதா கழிப்பதா என்று அப்போது நிதானமாக யோசிக்கலாம்.

பார்கோடா, ரேடியோ அலையால் படிக்கப்படும் சில்லான ஆர்எஃப்ஐடியா என்று கேட்பார்கள். சிறிய நூலகத்துக்குப் பார்கோடு போதும். புத்தகக் கட்டை அப்படியே வைத்து ஒரே நேரத்தில் பதிய வேண்டும், கையில் ஒரு கருவியோடு அலமாரி நெடுக நடந்தே இருப்புச் சரிபார்க்க வேண்டும் என்கிற அளவுக்கு எண்ணிக்கை இருந்தால் ஆர்எஃப்ஐடி யோசிக்கலாம். நூலகச் சில்லுகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 28560இன்படி இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள், இல்லையென்றால் பிற்காலத்தில் வேறு நிறுவனத்தின் கருவி அந்தச் சில்லைப் படிக்காமல் போகலாம். சில்லில் புத்தகத்தின் எண் இருந்தால் போதும், எடுத்தவரைப் பற்றி எதுவும் அதில் எழுதக் கூடாது.

மின்னூல்: வாங்குவது மாதிரி இருக்கும், வாடகைதான்

அச்சுப் புத்தகம் ஒன்றை வாங்கினால் அது கிழியும் வரை நூலகத்துடையது. மின்னூல் அப்படியில்லை, பெரும்பாலும் உரிமம்தான் கிடைக்கும். 2011இல் ஹார்ப்பர்காலின்ஸ் ஒரு மின்னூலை 26 முறை இரவல் கொடுத்ததும் உரிமம் முடிந்துவிடும், திரும்ப வாங்க வேண்டும் என்று அறிவித்தது. வேறு சில பதிப்பகங்கள் இரண்டு வருடம் என்று வைத்திருக்கின்றன. அதாவது போன வருடம் இருந்த மின்னூல் இந்த வருடம் பட்டியலிலிருந்து காணாமல் போகும், வாசகர் உங்களைத்தான் கேட்பார். அதனால் மின்னூலை ஒருமுறைச் செலவாக எழுதாதீர்கள், ஒவ்வொரு வருடமும் வருகிற செலவாகவே எழுதுங்கள், அந்தத் தொகைக்கு ஒரு வரம்பும் வையுங்கள்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை: ஒரே நேரத்தில் எத்தனை பேர் படிக்கலாம், எப்போது முடிகிறது, யார் எதைப் படித்தார் என்ற விவரம் யாரிடம் போகிறது, பார்வையற்றவரின் திரைவாசிப்பான் (திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படிக்கும் மென்பொருள்) அதைப் படிக்குமா. காப்புரிமை முடிந்த புத்தகங்களுக்குப் பணம் கொடுக்கிறோமா என்றும் பாருங்கள், 1971இல் தொடங்கிய புராஜெக்ட் குட்டன்பெர்க் போன்ற இடங்களில் அவை இலவசமாகவே இருக்கும்.

விதிகளை அவர்கள்தான் வைப்பார்கள், நாம் என்ன செய்ய முடியும் என்று விட்டுவிட வேண்டாம். 2019 நவம்பரில் மெக்மில்லன் பதிப்பகம், புது மின்னூல் வந்து முதல் எட்டு வாரத்துக்கு ஒரு நூலக அமைப்புக்கு ஒரே ஒரு பிரதிதான் விற்போம் என்றது. பல நூலகங்கள் சேர்ந்து அவர்களிடம் மின்னூல் வாங்குவதையே நிறுத்தின. 2020 மார்ச்சில் அந்த விதி போய்விட்டது. தனியாக ஒரு சிறு நூலகம் எழுதும் கடிதத்தை யாரும் படிக்கமாட்டார்கள், அக்கம்பக்கத்து நூலகங்களோடு சேர்ந்து வாங்கினால் விலையும் பேசலாம், விதியும் பேசலாம்.

இருக்கிறது, ஆனால் படிக்க முடியவில்லை

இந்த வகையில் நோட்டில் நாலைந்து வரிதான் வந்திருக்கும், அதைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். பலமுறை "இல்லை" என்ற பதிலையே கேட்டவர்கள் ஏற்கெனவே வருவதை நிறுத்தியிருப்பார்கள். ஒரு கம்ப்யூட்டரில் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை நிறுவுங்கள், இலவசம். ஹெட்போன் ஒன்று. பிறகு திரைவாசிப்பானை அன்றாடம் பயன்படுத்துகிற ஒருவரை அழைத்து, உங்கள் ஆன்லைன் பட்டியலில் ஒரு புத்தகத்தைத் தேடி முன்பதிவு செய்யச் சொல்லி, பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். அரை மணி நேரத்தில் எங்கே தடுக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக வைத்திருக்கும் பக்கங்கள் வெறும் படம்தான், திரைவாசிப்பானுக்கு அது வெற்றுக் காகிதம். டெசராக்ட் போன்ற எழுத்துணரி அந்தப் படத்தை எழுத்தாக மாற்றும், 100க்கும் மேற்பட்ட மொழிகள் அதற்குத் தெரியும், தமிழும் உண்டு. பிழைகள் இருக்கும், ஒருவர் படித்துத் திருத்த வேண்டும். காப்புரிமை உள்ள புத்தகத்தைப் பார்வையற்றவருக்காக மாற்றலாமா என்ற தயக்கம் இருந்தால் 2013இல் உருவாகி 2016இல் நடைமுறைக்கு வந்த மராகேஷ் ஒப்பந்தத்தில் உங்கள் நாடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால் பெரும்பாலும் வழி உண்டு.

புத்தகம் கேட்காமல் வருகிறவர்கள்

பிரின்ட், விண்ணப்பம், மொபைலில் வந்த செய்தி உண்மையா என்ற சந்தேகம். இது நூலக வேலையா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை, தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ள ஒருவர் வந்திருக்கிறார், அதற்குத்தான் நாம் இருக்கிறோம். ஒரு பழக்கம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: மவுஸ் அவர் கையிலேயே இருக்கட்டும். நீங்கள் செய்து கொடுத்தால் இரண்டு நிமிடம், அவரே செய்தால் இருபது நிமிடம், ஆனால் அடுத்த மாதம் அவர் தானே செய்துகொள்வார். கடவுச்சொல்லை நீங்கள் அடிக்கவும் வேண்டாம், கேட்கவும் வேண்டாம். ஒருவர் எழுந்து போனதும் அவர் பார்த்த பக்கங்கள், திறந்த கணக்குகள் எல்லாம் தானாக அழியும்படி பொதுக் கம்ப்யூட்டரை அமைத்துவிடுங்கள். இதற்கெல்லாம் ஊழியர்களுக்கு வாரம் ஒரு மணி நேரம் பயிற்சி வேண்டும், வேலை நேரத்துக்குள்ளேயே.

நோட்டில் இப்போது புதிதாக ஒரு வகையும் வருகிறது. வாசகர் ஒரு தலைப்பு, ஆசிரியர், வருடம் எல்லாம் சரியாகச் சொல்வார், எங்கே தேடினாலும் அப்படி ஒரு புத்தகம் இருக்காது. செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலி கற்பனையாகச் சொன்ன புத்தகம் அது. "அப்படி எதுவும் இல்லை" என்று முடித்துவிடாமல் அவர் கண் முன்னாலேயே தேடிக் காட்டுங்கள், பெரிய நூலகங்களின் பட்டியல்களிலும் பாருங்கள், ஆசிரியர் உண்மையானவரா, அவர் உண்மையில் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். அவருக்கு வேண்டியது அந்தத் தலைப்பு இல்லை, அந்த விஷயம். அந்த விஷயத்தில் உங்களிடம் இருக்கும் ஒரு நல்ல புத்தகத்தோடு அவரை அனுப்ப முடியும்.

ஹெல்சின்கியில் 2018 டிசம்பரில் திறந்த ஊடி நூலகத்தில் தையல் இயந்திரம், முப்பரிமாண அச்சுக் கருவி, ஒலிப்பதிவு அறை எல்லாம் இருக்கின்றன, படங்களைப் பார்த்துவிட்டு நமக்கும் அதே மாதிரி வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கட்டுவதற்கு முன்பே அங்கே நகர மக்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டார்கள், அந்தப் பகுதி படத்தில் தெரியாது. உங்கள் நோட்டில் ஒருவரும் முப்பரிமாண அச்சு கேட்கவில்லை என்றால், நாற்காலியும் மின்சாரப் பிளக் பாயின்ட்டும் கேட்டிருந்தால், அதைத்தான் வாங்க வேண்டும்.

தாமதக் கட்டணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிகாகோ பொது நூலகம் 2019 அக்டோபரில் அதை எடுத்துவிட்டது. பயந்து வீட்டிலேயே வைத்திருந்த பழைய புத்தகங்கள் திரும்பி வரத் தொடங்கின. ஒரு ரூல்ஸ் மாற்றம்தான், எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

ஒரு நாள் எல்லாம் நின்றுபோனால்

2023 அக்டோபரில் பிரிட்டனின் தேசிய நூலகமான பிரிட்டிஷ் லைப்ரரியின் கம்ப்யூட்டர்கள் மீது, கோப்புகளை முடக்கிவிட்டுப் பணம் கேட்கும் தாக்குதல் நடந்தது. பட்டியல் தேடவே முடியாமல் போனது. 2024 ஜனவரி நடுவில்தான் அதன் ஒரு பகுதி திரும்ப வந்தது, மற்ற வேலைகள் சரியாக இன்னும் வெகுகாலம் ஆனது. அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்த நிலை.

பதிவுகளின் மூன்று பிரதி வையுங்கள், இரண்டு வேறு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு கட்டடத்தில். அதில் ஒன்றாவது எந்தக் கம்பியிலும் இணைக்காமல் தனியே இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பைத் திறந்து, வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, பத்துப் புத்தகத்தைத் தேடிப் பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். அரிய பக்கங்களை ஸ்கேன் செய்தால் மூலக் கோப்பைத் தரம் குறையாத பட வடிவமான டிஃபில், 300 அல்லது 400 டிபிஐயில் (அங்குலத்துக்கு அத்தனை புள்ளிகள்) வைத்துக்கொண்டு, வாசகருக்கு பிடிஎஃப் கொடுங்கள். கவுன்டர் மேஜையில் காகித இரவல் சீட்டு ஒரு கட்டு எப்போதும் இருக்கட்டும், மின்சாரம் போன நாளிலும் புத்தகம் போய் வர வேண்டும்.

புத்தகம் திரும்பி வந்ததும் அதை யார் எடுத்தார் என்ற விவரத்தை அழிக்கும் வசதி கோஹா உட்படப் பல மென்பொருள்களில் உண்டு, அதைப் போட்டு வையுங்கள். இல்லாத விவரத்தை யாரும் திருட முடியாது.

மறுபடியும் நோட்டு

அடுத்த வருடம் அதே மாதங்களில் அதே ஆறு வாரம் நோட்டைத் திரும்ப வையுங்கள். எந்த வகை குறைந்தது, எது புதிதாக வந்தது என்று பாருங்கள். குறையாத இடத்தில் வாங்கிய கருவியை நிறுத்தத் தயங்காதீர்கள். புது வேலை ஒன்று சேரும்போது பழைய வேலை ஒன்றையும் நிறுத்துங்கள், பதிவேட்டிலும் எழுதி கம்ப்யூட்டரிலும் அடிக்கிற நூலகங்களில் ஊழியர்கள் களைத்துப்போய் எதையும் மாற்றும் ஆசையையே விட்டுவிடுகிறார்கள்.

நோட்டில் பெயர் எழுத வேண்டாம் என்று சொன்னேன். ஆனால் கேட்ட புத்தகம் வந்தால் தனக்குச் சொல்ல வேண்டும் என்று ஒருவர் விரும்பினால், தனியாக ஒரு சிறு சீட்டில் புத்தகத்தின் பெயரையும் போன் எண்ணையும் அவரே எழுதித் தரட்டும். சீட்டை மேஜை டிராயரில் போட்டு வையுங்கள். புத்தகம் வந்த அன்றே போன் செய்து சொல்லுங்கள், அவர் வந்து எடுத்துப் போனதும் சீட்டைக் கிழித்துவிடுங்கள்.